ரெண்டு என்று சொல்லிவைத்தேன்

புற்றுநோய் என்றதும் எல்லோரும் முடியைப் பற்றித்தான் கேட்கிறார்கள். முடி கொட்டியதா, திரும்பி வந்ததா, சுருட்டையாக வந்ததா என்று. அடுத்தபடி வாந்தி. அதற்கும் அடுத்தபடி, குரலைத் தாழ்த்திக்கொண்டு, எந்தப் பக்கத்து மார்பு என்று கேட்பவர்களும் உண்டு. களைப்பைப் பற்றி யாரும் கேட்டதில்லை. கேட்ட ஒரே பெண்ணிடமும் நான் பொய் சொன்னேன். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உட்கார்ந்திருக்கிறேன் என்பதும் முழு உண்மை இல்லை. முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துச் சாய்ந்துகொண்டு போனில் ஒரு விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன். நாலு வரி அடித்தால் கையைக் கீழே வைத்துவிட வேண்டியிருக்கிறது. அங்கங்கே ஏதாவது விட்டுப்போயிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் ஸ்டெல்லா. அல்சூரில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். என் கணவர் பிரான்சிஸ் லிஃப்ட் மெக்கானிக். பெங்களூரில் பாதிப் பேரை மேலே ஏற்றி இறக்குகிற மனிதர் தன் பெண்டாட்டியை மட்டும் படியில் ஏறவிடுகிறார் என்று நான் கிண்டல் செய்வதுண்டு. ஒரே மகள் ஜெனி, ஒன்பதாம் வகுப்பு. நான் எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறேன்.

அந்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். நான் போனை எடுப்பவள் இல்லை. எடுத்தவர்கள் பேசியதைக் கேட்டுத் திருத்துபவள். குவாலிட்டி என்று பெயர். ஃபிரிட்ஜ் ரிப்பேர் என்றோ, பணம் திரும்பி வரவில்லை என்றோ நீங்கள் பேசி முடித்ததும் ஒரு மெசேஜ் வரும் இல்லையா, எங்கள் சேவைக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு தருவீர்கள் என்று? அது கம்பெனிக்குத் தருகிற மார்க் என்று நினைக்கிறீர்கள். உங்களிடம் பேசிய பையனின் தலையில் விழுகிற மார்க் அது. ஒன்பதோ பத்தோ வந்தால் பிழைத்தான். ஆறு போட்டால், நீங்கள் நல்ல மனதோடு பாஸ் மார்க் என்று நினைத்துப் போட்டிருந்தாலும், மறுநாள் அவன் என் முன்னால் வந்து நிற்க வேண்டும். அதனால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிடும். யார் மார்க் கேட்டாலும் நல்ல மார்க்காகப் போட்டுவிடுவோம். சாம்பார் கொட்டிப் பையெல்லாம் ஊறிய சாப்பாட்டைக் கொண்டுவந்தவருக்கும் அஞ்சு ஸ்டார். அல்சூருக்கு வர சிவாஜிநகரைச் சுற்றிக்கொண்டு வந்த ஆட்டோக்காரருக்கும் அஞ்சு ஸ்டார். கேட்கிறவன் வயிறு அதில் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும்.

கட்டி தட்டுப்பட்டது குளிக்கும்போது. புளியங்கொட்டை அளவு இருந்தது. வலி இல்லை. வலி இல்லாததால் சும்மா கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டேன். பிறகு மாமோகிராம் எடுத்தார்கள். மார்பை இரண்டு தட்டுக்கு நடுவே வைத்து அழுத்தி எடுக்கிற எக்ஸ்ரேதான் அது. அடுத்தது பயாப்ஸி, அதாவது கட்டிக்குள் ஊசி போட்டு நூல் கனத்துக்குச் சதையை எடுத்து அது நல்லதா கெட்டதா என்று பார்ப்பது. கெட்டது என்று வந்தது. டாக்டர்தான் அதைச் சொன்னார். பிரான்சிஸ்தான் பேசினார். “எத்தனை நாள்ல ரெடியாகும் மேடம்?” என்றார். பழுதான லிஃப்ட்டைப் பற்றி அபார்ட்மென்ட்காரர்கள் அவரைக் கேட்கிற அதே கேள்வி. டாக்டர் சிரிக்கவில்லை. முதலில் ஆபரேஷன், பிறகு கீமோ, பிறகு ரேடியேஷன், கடைசியில் வருஷக்கணக்கில் மாத்திரை என்று வரிசையாகச் சொன்னார்.

அந்த மருத்துவமனையின் காத்திருப்பு ஹாலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லா மாநிலத்து ஆட்களும் அங்கே இருப்பார்கள். கோலாரிலிருந்து, கிருஷ்ணகிரியிலிருந்து, வங்காளத்திலிருந்து, போர்வையும் டிஃபன் கேரியருமாக. திரையில் டோக்கன் நம்பர் மாறும்போதெல்லாம் எல்லாத் தலையும் ஒன்றாக நிமிரும். அங்கே யாரும் யாரையும் என்ன வியாதி என்று கேட்பதில்லை. எத்தனையாவது கீமோ என்றுதான் கேட்பார்கள். முன்னால் போனவர் பின்னால் வருகிறவருக்கு, “நாலாவதுல இருந்து பழகிடும்” என்று சொல்வார். எனக்குப் பழகவில்லை.

கீமோ என்பது குளுக்கோஸ் ஏற்றுவது மாதிரி நரம்பில் மருந்து ஏற்றுவதுதான். எனக்கு முதலில் கொடுத்தது சிவப்பு மருந்து. ரோஸ் மில்க் நிறத்தில் இருக்கும். அதை ஏற்றிக்கொண்டு நடந்தே வெளியே வந்துவிடலாம். வாந்திக்கு நல்ல மாத்திரை இருக்கிறது, எனக்கு வாந்தி அவ்வளவாக இல்லை. அசதிதான் வந்தது, நாலைந்து நாள் கழித்து.

அது எப்படிப்பட்டது என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். எல்லோரும், “ஆமா, எனக்கும் டயர்டா இருக்கு, நேத்து ரெண்டு ஷிஃப்ட்” என்பார்கள். அந்த அசதி எனக்கும் தெரியும். வருஷக்கணக்கில் நைட் ஷிஃப்ட் பார்த்தவள் நான். படுத்து எழுந்தால் அது போய்விடும். இது தூங்கினால் போகாது. ஒன்பது மணி நேரம் தூங்கி எழுந்தால், எழுந்த அந்த நொடியிலேயே இருக்கும். பேஸ்ட் மூடியைத் திறக்கக் கை வராது. நைட்டியில் ஒரு கையை நுழைத்துவிட்டு, இன்னொரு கையை நுழைக்க வேண்டுமே என்று கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருப்பேன். இட்லியா தோசையா என்று ஜெனி கேட்டால் அழுகை வரும், ஏனென்றால் பதில் சொல்ல வேண்டும். குக்கர் விசிலை எண்ண முடியாமல் அழுத பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அது நான்.

இரண்டாவது கீமோவின்போது ரம்யா வந்தாள். ஹாசன் பக்கத்துப் பெண், கன்னடக்காரி. களைப்பை அளந்து வைக்கிற வேலைக்காகவே மருத்துவமனை வைத்திருந்த நர்ஸ். கையில் ஒரு டேப்லெட். அவள் என்னிடம் வருவதற்குச் சற்று முன், பெரிய நர்ஸ் மேடம் ஒருவர் அவளை நிற்கவைத்துத் திட்டிக்கொண்டிருந்ததை என் நாற்காலியிலிருந்து பார்த்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். கண் சிவந்திருந்தது. அப்படியே முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

“அக்கா, சுஸ்து எஷ்டு?” என்றாள். சுஸ்து என்றால் கன்னடத்தில் அசதி. எங்கள் அல்சூர்த் தமிழிலும் அந்தச் சொல் எப்போதோ குடியேறிவிட்டது. சுஸ்து எவ்வளவு என்று கேட்கிறாள். நாங்கள் பேசியதெல்லாம் கன்னடம், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

“பூஜ்யம்னா சுஸ்தே இல்ல அக்கா. பத்துன்னா இதுக்கு மேல தாங்கவே முடியாதுங்கற மாதிரி. போன வாரத்துல ரொம்ப மோசமான நாள்ல எவ்வளவு இருந்துச்சு?”

போன வாரம் நான் சோப்புப் போட்ட உடம்போடு பாத்ரூம் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு, தண்ணீர் மொண்டு ஊற்றச் சொல்லி ஜெனியைக் கூப்பிட்டிருந்தேன். ஒன்பது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒரு பெண் என் முன்னால் நின்றுகொண்டு பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் மார்க் கேட்கிறாள். இப்போதுதான் திட்டு வாங்கியிருக்கிறாள். இங்கே நல்ல மார்க் என்பது குறைந்த மார்க். யோசிக்கவே இல்லை.

“ரெண்டு” என்றேன்.

சமையல் செய்ய எவ்வளவு இடைஞ்சல், நடக்க எவ்வளவு, மற்றவர்களோடு பழக எவ்வளவு, சந்தோஷமாக இருக்க எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டாள். ரெண்டு, ஒன்று, ஒன்று, ரெண்டு என்று அள்ளிவிட்டேன். “சூப்பர் அக்கா” என்று சிரித்தாள். ஒரு போன் காலை நல்லபடியாக முடித்துவைத்த திருப்தி எனக்கு.

ஃபிளாஸ்க்கோடு பக்கத்தில் நின்ற பிரான்சிஸை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் முகம் அப்படியே தெளிந்தது. வராந்தாவுக்குப் போய் கே.ஆர்.புரத்திலிருக்கும் தன் அக்காவுக்கு போன் போட்டார். “அக்கா, ஸ்டெல்லாவுக்கு சுஸ்து ரெண்டுதானாம். பத்துக்கு ரெண்டு. ஆஸ்பத்திரியிலேயே கணக்கெடுத்துச் சொல்லிட்டாங்க” என்றார். அந்த ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வாசலில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் பங்கில், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்களில், பிலோமினா ஆன்ட்டி என்று ஒருவர். பத்துக்கு ரெண்டுதானா, பாவம் என்று எனக்காக மெழுகுவத்தி ஏற்றினார். உண்மைக்குக் கிட்டத்தில் வந்தவர் அவர் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் ரெண்டு. ஒருமுறை கீமோவுக்குப் பின் காய்ச்சல் வந்து வார்டில் சேர்த்தார்கள். கீமோ கெட்ட செல்லோடு, கிருமியைத் தடுக்கிற வெள்ளை அணுக்களையும் அடித்துப்போட்டுவிடும். அதைத்தான் கவுன்ட் இறங்கிவிட்டது என்பார்கள். அப்போது சின்னக் காய்ச்சலும் ஆபத்து. பல்லைக் கடித்துக்கொண்டு குளிரில் படுத்திருந்தபோதும் ரம்யா வந்தாள். காய்ச்சலுக்குக் கொஞ்சம் மரியாதை கொடுத்து மூன்று என்றேன்.

ஒருமுறையாவது மாற்றிச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதற்குள் அந்த ரெண்டின் மேல் எங்கள் வீடே நின்றுகொண்டிருந்தது. முதல் கீமோவுக்குப் பிறகு வேலைக்குப் போகவே பயந்த பிரான்சிஸ், ரெண்டு என்று தெரிந்ததும் தைரியமாக ஓவர்டைம் எடுக்க ஆரம்பித்தார். காலையில் எழுந்து தண்ணீர் பிடித்து, சாதம் வடித்து, எனக்கு மாதுளம்பழம் உரித்து டப்பாவில் வைத்துவிட்டுப் போவார். அவர் விரலில் கிரீஸ் கறை போகவே போகாது, ஆனால் அந்த மாதுளை முத்தில் ஒரு கறை இருக்காது. ஞாயிற்றுக்கிழமை ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் போய் ஆட்டுக்கால் வாங்கிவந்து சூப் வைப்பார். ஜெனி சாயங்காலம் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு தன் சயின்ஸ் பாடத்தைச் சத்தமாகப் படிப்பாள். எனக்குத் துணைக்கு அவள் கண்டுபிடித்த வழி அது. “மம்மி, நீ பேச வேணாம், சும்மா கேளு” என்பாள். இவர்களிடம் போய், இதெல்லாம் எதற்கும் உதவவில்லை, நான் ஒன்பதில் இருக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

கீமோ முடிந்தது. ரேடியேஷன் முடிந்தது. அதுவும் எக்ஸ்ரே மாதிரிதான், வலிக்காது, தினமும் போய்ப் படுத்து எழுந்து வர வேண்டும். ஸ்கேன் எடுத்தார்கள். அசதி மட்டும் கொஞ்சமும் குறையவில்லை. எல்லாம் முடிந்தால் போய்விடும் என்றுதான் நானும் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது.

ஆபீஸில் என் விடுமுறை எல்லாம் தீர்ந்திருந்தது. வேலைக்குத் திரும்பத் தகுதி என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் சேர்த்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் பெயரை எடுத்துவிடுவார்கள். பெயர் போனால் கம்பெனி இன்சூரன்ஸும் போகும். பிரான்சிஸுக்கு காண்ட்ராக்ட் வேலை, அவருக்கு அப்படி எதுவும் கிடையாது. இனி வருஷக்கணக்கில் மாத்திரையும் ஸ்கேனும் பரிசோதனையும் எனக்கு வேண்டும். ஆக, வியாதிக்கு வைத்தியம் பார்க்க வேண்டுமென்றால் வியாதி இல்லை என்று எழுதி வாங்க வேண்டும். இப்படி ஒரு சட்டத்தை யார் உட்கார்ந்து யோசித்தார்களோ, அவர்களை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன். பாதி நாள் வேலை, வீட்டிலிருந்தே வேலை என்று கெஞ்சிப் பார்த்தேன். டாக்டர் எழுதினால் யோசிக்கிறோம் என்றார்கள்.

டாக்டர் தமிழ் தெரிந்தவர், நல்ல மனுஷி. “ஸ்கேன் க்ளீன் ஸ்டெல்லா. தாராளமா வேலைக்குப் போகலாம்” என்றார்.

“டாக்டர், எனக்கு ரொம்ப சுஸ்தா இருக்கு.”

“இருக்கும்மா. எவ்வளவு ட்ரீட்மென்ட் எடுத்திருக்கீங்க. ஆனா இதைப் பாருங்க.” கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். என் களைப்பை ஒரு கோடாகப் போட்டிருந்தார்கள். தரையோடு தரையாகப் போயிற்று. “என் பேஷண்ட்ஸ்ல உங்க ஸ்கோர்தான் பெஸ்ட். மத்தவங்களுக்கு உங்களைத்தான் உதாரணமா சொல்லிட்டிருக்கேன்.”

பிரான்சிஸ் பக்கத்தில் நின்றுகொண்டு பெருமையாகத் தலையாட்டினார். முழு நேர வேலைக்கு முழுத் தகுதி என்று சர்ட்டிஃபிகேட் கைக்கு வந்தது.

மாத்திரை வாங்கும் வரிசையில் பிரான்சிஸை நிற்கவைத்துவிட்டு, நான் ரம்யாவைத் தேடிக்கொண்டு போனேன். கீமோ ஏற்றுகிற டே-கேர் வார்டு வாசலில் இருந்தாள். நின்றுகொண்டு பேச முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

“ரம்யா, நான் சொன்ன நம்பர் எல்லாம் பொய்.”

“எந்த நம்பர் அக்கா?”

“எல்லாந்தான். ஒரு நாள்கூட ரெண்டு இல்ல. எட்டு, ஒன்பதுன்னுதான் இருந்துச்சு. இன்னிக்கும் அப்படித்தான்.”

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். “ஏன் அக்கா அப்படிச் சொன்னீங்க?”

“உனக்குத் திட்டு விழுமேன்னு. ஜாஸ்தி நம்பர் வந்தா உன்னை நிக்கவச்சுக் கேப்பாங்கன்னு நெனச்சேன். முத நாளே திட்டு வாங்கிட்டு இருந்தியே.”

அவளுக்குப் புரிய நேரமாயிற்று. என் வேலையைப் பற்றிச் சொன்ன பிறகுதான் புரிந்தது. “அது டூட்டிக்கு லேட்டா வந்ததுக்குத் திட்டினாங்க அக்கா. பஸ்ஸு கிடைக்கல. நீங்க பத்து சொன்னாலும் எனக்கு அதே சம்பளம்தான்” என்றாள். பிறகு, “நாலுக்கு மேல சொன்னாலே நாங்க டாக்டருக்குச் சொல்லணும் அக்கா. ஃபிசியோ வருவாங்க, கவுன்சிலர் வருவாங்க. உங்ககிட்ட ஒருத்தருமே வரலையே” என்றாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்ததும் மூச்சு வாங்கியது.

“பழைய நம்பரை எல்லாம் மாத்த முடியுமா?”

“அது முடியாது அக்கா. இன்னிக்கு உள்ளதைத்தான் போட முடியும்.”

“அப்ப போடு. ஒன்பது.”

ஒன்பதுக்கு என்ன கிடைத்தது என்று சொல்கிறேன். டாக்டர் அடுத்த வாரமே ரம்யாவை விட்டு என் போனில் கூப்பிட்டனுப்பினார், பிரான்சிஸிடம் சொல்லாமல் தனியாகப் போனேன். கோபப்படவில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபின் பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், சிவப்பு மருந்து சிலருக்கு இதயத்தைப் பலவீனமாக்கும் என்பதால் எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். ஏதாவது ஒன்று குறையாக இருக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். தனக்கு வியாதி இருக்க வேண்டும் என்று எக்கோ மேஜையில் படுத்துக்கொண்டு மாதாவிடம் கேட்டவள் நானாகத்தான் இருப்பேன். எல்லாம் நார்மல் என்று வந்தது.

“சில பேருக்கு இப்படித்தான் ஸ்டெல்லா. கேன்சர் போயிடும், களைப்பு மட்டும் தங்கிடும். ஏன்னு முழுசா எங்களுக்கே தெரியாது” என்றார் டாக்டர்.

“மாத்திரை?”

“இதுக்குன்னு கைகண்ட மாத்திரை இல்ல. தினம் கொஞ்சம் நடங்க. நடக்க நடக்கத்தான் கொஞ்சமாவது குறையும். தெம்பு இருக்கற நேரத்துல முக்கியமான வேலையைப் பண்ணுங்க. மத்ததை விட்டுடுங்க. ஃபிசியோவுக்கு எழுதறேன்.”

“எப்பப் போகும் டாக்டர்?”

“சொல்ல முடியாதும்மா.”

வீட்டிலிருந்து பாதி நாள் வேலை என்று பரிந்துரை எழுதிக் கொடுத்தார். ஆபீஸில், முதல் சர்ட்டிஃபிகேட்டில் முழுத் தகுதி என்று இருக்கிறதே, கொஞ்ச நாளுக்குள் இரண்டு விதமாக எப்படி என்று கேட்டார்கள். ஒன்று சேருங்கள், இல்லையென்றால் தகுதி இல்லை என்று எழுதி வாங்கிவந்து விலகிக்கொள்ளுங்கள் என்றார்கள். பரிவாகத்தான் சொன்னார்கள். திங்கட்கிழமை சேர்கிறேன் என்று பதில் போட்டேன்.

சனிக்கிழமை மதியம், ஜெனி டியூஷனுக்குப் போயிருந்தாள். பிரான்சிஸ் போனைப் பார்த்துக்கொண்டே ஹாலுக்கு வந்தார். மருத்துவமனையில் அவர் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். “களைப்புக்கு ஃபிசியோன்னு மெசேஜ் வந்திருக்கு. யாருக்கோ போட வேண்டியதை நமக்குப் போட்டுட்டாங்க போல. உனக்குத்தான் ரெண்டாச்சே” என்றார்.

அப்போது சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

சோபாவில் உட்காராமல் தரையில் உட்கார்ந்தார். “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம் இல்ல” என்றார்.

“உங்ககிட்டதாங்க சொல்ல முடியல.”

பிறகு கேட்க ஆரம்பித்தார். “ஜெனி கோயில்ல உறுதிபூசுதல் வாங்கின அன்னிக்கு அத்தனை பேருக்கும் நின்னு பரிமாறினியே?”

“எட்டு.”

“அக்கா புது வீட்டை ஃபாதர் வந்து மந்திரிச்ச அன்னிக்கு?”

“ஒன்பது. மொட்டை மாடியப் பாக்க வான்னு கூட்டிட்டுப் போனீங்க.”

“நம்ம வீட்டுல பால் பொங்கி அடுப்பு அணைஞ்ச அன்னிக்கு?”

ரேடியேஷன் நடந்துகொண்டிருந்த சமயம் அது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு எதிரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். பால் ஏறுவதைப் பார்த்தேன். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கேஸ் வாசனை வந்ததும் தெரிந்தது. கையை நீட்டித் திருகினால் போதும். நீட்ட முடியவில்லை. அந்த நேரத்தில் பிரான்சிஸ் உள்ளே வந்தார். ஓடிப்போய் அடைத்தார், ஜன்னலையெல்லாம் திறந்தார், பயத்தில் கத்திவிட்டார். கண் முன்னாடி பொங்குது, பொம்மை மாதிரி உக்காந்திருக்க, வீட்டோட கொளுத்தப் பாக்குறியா என்று. வியாதி வந்த பிறகு அவர் என்னைத் திட்டியது அந்த ஒரு நாள்தான். மறுநாள் சீத்தாப்பழம் வாங்கிவந்து கொடுத்தார்.

“பத்து” என்றேன்.

எழுந்து சமையலறைக்குப் போனார். கழுவப் பாத்திரம் எதுவும் இல்லை. குழாயைத் திறந்துவிடும் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டது. வந்தபோது முகம் நனைந்திருந்தது.

“திங்கக்கெழமை போய்த்தான் ஆகணுமா?”

“போகலன்னா இன்சூரன்ஸ் போயிடுங்க.”

அது அவருக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டார். “ஒன்னும் பண்ண முடியாது இல்ல?”

“முடியாது.”

“சரி. இனிமே எங்கிட்ட மட்டும் நெஜத்தச் சொல்லிடு. சொன்னா நான் என்ன பண்ணிடப் போறேன்? ஒன்னும் பண்ண முடியாது. தெரிஞ்சு வச்சுக்கறேன், அவ்வளவுதான்.”

வேலையில் சேர்ந்தேன். ஆபீஸ் கேப் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. மேம்பாலத்தில் போகும்போது பக்கத்தில் கூட வேலை பார்க்கிற சின்னப் பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார்கள். முதல் நாள் கேக் வெட்டினார்கள், கை தட்டினார்கள், ஆளே மாறவில்லை என்றார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே போன் காலைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். வாடிக்கையாளர் என்ன கேட்டார் என்பது முடிவுக்கு வருவதற்குள் மறந்துபோகிறது. ஃபிசியோ சொன்னபடி மதியம் கேன்டீன் வராந்தாவில் நடக்கிறேன். என்றைக்காவது ஏழுக்கு இறங்கும். மறுநாளே பழையபடி ஏறிக்கொள்ளும். எவ்வளவு நாளைக்கு இப்படி ஓட்ட முடியும் என்று எனக்குத் தெரியவில்லை. நான் மார்க் போடுகிற ஷீட்டில் தவறு வர ஆரம்பித்திருக்கிறது. இன்னும் யாரும் கவனிக்கவில்லை.

மதியம் பிரான்சிஸுக்கு நம்பரை மட்டும் அனுப்புவேன். எட்டு. அவரிடமிருந்து “சரி” என்று வரும். மறுநாள் ஒன்பது. சரி. சில நாள் அவர் லிஃப்ட் குழிக்குள் இருந்தால் சிக்னல் கிடைக்காமல் சாயங்காலம்தான் பதில் வரும். அந்தச் “சரி”யால் எட்டு ஏழாகாது. ஆனாலும் வரும்வரை போனைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

போன வியாழக்கிழமை எனக்குக் கொஞ்சம் நல்ல நாள். “ஏழு” என்று அனுப்பினேன். வெகுநேரம் பதில் இல்லை. வீடு திரும்பக் கேப்புக்காக ஆபீஸ் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது வந்தது.

“சரி. எனக்கு ஒன்பது.”

நின்ற இடத்திலேயே அதைப் படித்தேன். இத்தனை காலத்தில் அவரை யாரும் இதைக் கேட்டதில்லை. ஃபிளாஸ்க்கோடு பக்கத்தில் நிற்பவரிடம் ரம்யாவும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. சீக்கிரம் வீட்டுக்கு வாங்க என்று அடித்தேன். அவரால் வர முடியாது, அழித்தேன். நாளைக்கு லீவு போடுங்க என்று அடித்தேன். லீவு போட்டால் சம்பளம் இல்லை, அதையும் அழித்தேன். ராத்திரிச் சமையலை நான் பார்த்துக்கறேன் என்று அடிக்க ஆரம்பித்து, என் கையைப் பார்த்து நிறுத்திவிட்டேன். கேப் வந்துவிட்டது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவர் காத்திருந்தார்.

“சரி” என்று அனுப்பிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.